ஒரே வீட்டுக்கு இரண்டு ஷிப்ட்

போன வாரம் எங்கள் கம்பெனி கேன்டீனில் ஒரு போஸ்டர் ஒட்டினார்கள். 'குடும்பத்தோடு சமைப்போம், ஆரோக்கியமாகச் சாப்பிடுவோம்.' படத்தில் அப்பா கேரட் நறுக்குகிறார், அம்மா கிண்டுகிறார், இரண்டு பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒட்டிய இடம் ஷிப்ட் லிஸ்ட்டுக்குப் பக்கத்தில். லிஸ்ட்டில் நான் காலை ஏ ஷிப்ட், என் மனைவி கஸ்தூரி மதியம் பி ஷிப்ட். எனக்கு வயிறு எரிந்தது.

கேரட்டாம். நான் நறுக்கப் பழகியது கத்தரிக்காயில். கல்யாணமான புதிதில் எங்கள் இருவருக்கும் ஜெனரல் ஷிப்ட். ஒரே ரயிலில் ஆரம்பாக்கத்தில் இறங்கி, ஸ்டேஷன் வாசலிலேயே காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மகள் தேவிக்கு நான்கு வயது இருக்கும்போது முருங்கைக்கீரை ஆய்வது அவள் வேலை. பாதி காம்பு சட்டிக்குள்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டு இறாலை நான் உரிப்பேன். உரிப்பேன் என்று பெயர்.

"யோவ், இன்னாய்யா இது, குடலோட போட்டுக்கினு கீற? மண்ணத் துன்னச் சொல்றியா?" என்பாள் கஸ்தூரி. தேவி கைகொட்டிச் சிரிப்பாள். திட்டு வாங்கிக்கொண்டு தின்ற அந்த இறால் ருசி வேறெதிலும் இல்லை, நம்புங்கள்.

பிறகு கம்பெனி ஷிப்டுகளை மாற்றியது. புருஷன் பெண்டாட்டி ஒரே ஷிப்டில் இருக்கக் கூடாதாம். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் இரண்டு பேரும் லீவு போடுவார்கள், லைன் நின்றுவிடுமாம். வார விடுமுறையும் வேறு வேறு நாள். சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"சார், கொயந்த சின்னது. ஒரே ஷிப்ட்ல போடுங்க சார். ஒருவேளையாச்சும் ஒண்ணா துண்ணுவோம்."

"கம்பெனிய உங்க ஊட்டு அடுப்படின்னு நென்ச்சுக்கினியா?" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதற்காக இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதன் பிறகு நாங்கள் குடும்பம் நடத்தியது கம்பெனி கேட்டில். நான் வெளியே வர, அவள் உள்ளே போக, நடுவில் வீட்டுச் சாவி கைமாறும். "கொழம்புல உப்பு போட்டுட்டேன், நீ கை வெச்சிடாத." சொல்ல மறந்த நாளில் நானும் ஒரு கை போட்டுவிடுவேன். அந்தக் குழம்பைத் தேவி வாயில் வைப்பாளா? நானோ வந்ததும் கட்டையாகச் சாய்ந்துவிடுவேன். அவள் பாக்கெட் நூடுல்ஸைக் கொதிக்கவைத்துத் தனியாகத் தின்றுவிட்டுப் படுப்பாள்.

பள்ளிக்கூட மருத்துவ முகாமில் அவளுக்கு ரத்தம் கம்மி என்றார்கள். "ஊட்ல கீரையே செய்யறதில்லியாம்மா?" என்று நர்ஸ் கேட்டபோது கஸ்தூரி குற்றவாளியாகத் தலைகுனிந்தாள். தினமும் வேலைக்குக் கிளம்புமுன் கீரை கடைந்து வைத்தவள் அவள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவைக்க ஆளில்லாமல் அது அப்படியே ஊசிப்போனதை நர்ஸிடம் எப்படிச் சொல்வாள்? பதில் சொல்லவேண்டியவர்கள் போஸ்டர் அல்லவா ஒட்டுகிறார்கள்!

போன ஞாயிறு மிஷின் ரிப்பேர். கம்பெனிக்கே லீவு. எத்தனையோ வருஷம் கழித்து மூன்று பேரும் வீட்டில். நானும் கஸ்தூரியும் காலையிலேயே அடுப்படியில் இறங்கி, மீன் குழம்பு வைத்து மூன்று தட்டு போட்டோம். பதினாறு வயது தேவி தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இங்கியே ஒக்காரேன்டி."

"இல்லம்மா. பக்கத்துல ஆள் இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.