ஃபேக்டரியில் போடும் மெமரி

என் மனைவி கல்யாண வீடியோ எடுப்பவள். முன்பு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுத்தாள், இப்போது கேமரா. இந்த மலையில் திரிங்காப், கம்போங் ராஜா, எங்கே நம் ஆட்கள் கல்யாணம் என்றாலும் அவள்தான். நான் தேயிலை ஃபேக்டரியில், இலை காய வைக்கும் ட்ரையர் பக்கம் வேலை.

அந்த வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. லேப்டாப் திணறியது. எடுத்து வந்த கல்யாணப் படம் ஓடும். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுப்பார். பெண் தலை குனிவாள். அங்கேயே நின்றுவிடும். திருப்பி ஓட்டினாலும் அதே இடம். ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டில் விருந்து. அதற்குள் வீடியோ அவர்கள் கைக்குப் போக வேண்டும்.

"மெமரி பத்தலங்க. ஃபேக்டரியில போட்டா நல்லதாம், விலை ஜாஸ்தி. வெளிய போட்டா மலிவு. என்ன செய்யலாம்?"

நான் யோசிக்கவே இல்லை. வெளியே வாங்கி மாட்டிய பெல்ட் அறுந்து, ட்ரையரில் இலை கருகியதைப் பார்த்தவன்.

"ஃபேக்டரியிலயே போட்டுரலாம்."

மறுநாள் காலை, அவள் குளிக்கப் போன நேரம், லேப்டாப்பைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனேன். நேராக, மெஷின் பழுது பார்க்கும் ஃபிட்டரிடம் நீட்டினேன்.

"அண்ணே, இதுக்கு மெமரி போடணும்."

"என்கிட்ட ஏன்டா குடுக்குற?"

"ஃபேக்டரியிலதான் போடணுமாம். வீட்டுல சொன்னா."

ஃபிட்டர் ஸ்பானரைக் கீழே வைத்தார். லேப்டாப் செய்கிற கம்பெனிக்கும் ஃபேக்டரி உண்டு என்று சொல்ல வாயெடுத்தார். சிரிப்பு விடவில்லை. சல்லடைப் பக்கம் நின்ற பெண்கள் கேட்டுவிட்டார்கள்.

"ரோலர்ல போட்டு உருட்டிக் குடுங்கண்ணே."

"ட்ரையர்ல ஒரு தடவ விடுங்க. ஈரமா இருக்கும் லா."

ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிகூட எட்டிப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது.

போன் வந்தது. மனைவி.

"லேப்டாப்பக் காணோங்க."

"எங்கிட்ட இருக்கு. ஃபேக்டரியில."

அவள் சிரித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். அந்த வாரம் அவள் சிரித்து அப்போதுதான் கேட்டேன்.

வேலை முடிந்து இருவரும் மோட்டார் பைக்கில் பிரிஞ்சாங் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் சீனர். மலாயில் பேசினார். கம்பெனிக்கு அனுப்பினால் ஞாயிறுக்குள் வராது என்றார். அடிமூடியைத் திறந்து காட்டினார். இன்னொரு மெமரி போட இடம் காலியாக இருந்தது. வெளி மெமரி அவரிடமே இருந்தது. கெட்டுப்போனால் மாற்றித் தருவதாகச் சொன்னார்.

நான் மனைவியைத் தனியே கூப்பிட்டேன்.

"பெல்ட் அறுந்தது ஞாபகம் இருக்குல்ல?"

"இது ஒங்க வேலையா, என் வேலையா?"

"ஒன் வேலை."

"அப்ப வெளியதான் லா."

விரல் நீளத்துக்கு ஒரு தகடு. வைத்து அமுக்கினார். மூடினார். பட்டனைத் தட்டினார்.

திரை கறுப்பாகவே இருந்தது. மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. புது மெமரி என்றால் முதல் தடவை தாமதமாகும், பொறுங்கள் என்றார் கடைக்காரர். பொறுத்தோம். வெளிச்சம் வந்தது.

அங்கேயே நின்று ஓட்டினாள். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். பெண் தலை குனிந்தாள். கட்டினார். ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. கடைக்காரருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. அவரும் கை தட்டினார்.

ஞாயிறு விருந்தில் பெரிய திரையில் போட்டார்கள். எங்கும் நிற்கவில்லை. முடிந்ததும் பெண்ணின் அம்மா வந்தார்.

"எல்லாம் நல்லா இருக்கும்மா. நான் பிரியாணி சாப்பிடுறத மட்டும் ஏன் அவ்ளோ நேரம் காட்டுன?"

"நீங்க அவ்ளோ நேரம் சாப்பிட்டீங்கக்கா."

கூட்டம் சிரித்தது. அந்த அம்மாதான் அதிகம் சிரித்தார். அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.