மடியில் வந்த குரவை

என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருடம் ஆகிறது. வைகாசியில் போனார். வருடா வருடம் அந்த நாளில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைக்கிறோம். உயிரோடு இருந்தபோது எதை ஆசையாகத் தின்றாரோ அதைத்தான் இலையில் வைக்க வேண்டும். அவருக்குக் கேழ்வரகுக் களியும் குரவை மீன் குழம்பும் இருந்தால் வேறு எதுவும் வேண்டாம். களிக்குக் குறை வைத்ததில்லை. குரவைதான் ஒரு வருடமும் இலைக்கு வரவில்லை. அந்த இடத்தில் கருவாட்டையோ முட்டையையோ வைத்துச் சமாளித்தேன்.

எங்கள் ஏரியில் குரவை ஏன் இல்லாமல் போனது என்று கேட்டால், மழை கம்மி என்பார்கள், வயலுக்கு அடிக்கிற மருந்து என்பார்கள். எனக்கு வேறு காரணம் தெரியும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சங்கராபுரம் போகிற சாலையோரம் ஒருவர் குட்டை வெட்டி ஆப்பிரிக்கா கெளுத்தி வளர்த்தார். கோழிக்கடைக் கழிவைக் கொட்டினால் போதும், தொடை கனத்துக்கு வளரும் மீன் அது. அதை வளர்க்கக் கூடாது என்று சர்க்காரில் தடை. ஒருநாள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். குட்டையை வடித்து, மீனை எல்லாம் குழியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டு மூட வேண்டும் என்றார்கள். குழி வெட்ட ஆண்கள், மீனை அள்ளப் பெண்கள் என்று எங்கள் தெருவில்தான் கூலிக்குக் கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரரும் போனார், நானும் போனேன்.

கூடை கூடையாகக் கொட்டினோம். குழிக்குள் அது நெளிந்துகொண்டே கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது. வாரத்தில் ஒருநாள் குழம்பு வைத்தால் அதையே பெரிதாக நினைத்த வீடு எங்களுடையது. தின்கிற பொருளை மண்ணில் போட்டு மூடுகிறார்களே என்று வயிறு எரிந்தது. ஒன்றையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்று சொல்லி, போகும்போது ஆண்களின் துண்டையும் பையையும் உதறிப் பார்த்தார்கள். பெண்களில் வாயாடிகளை நிறுத்திக் கேட்டார்கள். நான் தலை குனிந்து நடக்கிறவள். என்னை யாரும் நிறுத்தவில்லை. கஞ்சி கொண்டுபோன என் தூக்குவாளியில் விரல் நீளக் குஞ்சுகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. அவர்தான் போட்டுக் கொடுத்தார்.

குழம்பு வைக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"இத்தினூண்டு குஞ்சு ஒரு வாய்க்கு ஆவுமா? ஏரில வுடுமே. வளந்தா நம்ம ஜனமே திங்கும்."

ஏரிக்கரையில் உட்கார்ந்து தூக்கைச் சாய்த்தேன். ஒன்றுகூடச் சாகாமல் தண்ணீருக்குள் போனது. ஏதோ தர்மம் செய்துவிட்டு வருகிற மாதிரி இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தோம்.

மூன்றாம் வருடம் ஏரி வற்றியபோது ஊரே சந்தோஷப்பட்டது. என் ஓரகத்தியின் ஊத்தாவில், அதுதான் சேற்றில் குத்தி மீன் பிடிக்கிற கூடை, மீசை வைத்த மீன் ஒன்று முழங்கை நீளத்துக்குச் சிக்கியது. தெரு முழுக்கக் குழம்பு வாசனை. அவர் என்னைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சிரித்தார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. முதலில் அயிரை. அடுத்து உளுவை. தவளைச் சத்தம் குறைந்தது. ஒருநாள் பெரிய ஆப்பிரிக்கா ஒன்றின் வயிற்றைக் கீறினேன். உள்ளே முழுசு முழுசாகக் குரவைக் குஞ்சுகள் கிடந்தன. குரவை குஞ்சு பொரித்தால் தாயும் தகப்பனும் சேர்ந்து காவல் நிற்கும். மனிதன் காலையே முட்ட வரும். அந்தக் காவலையும் தாண்டி இது தின்றிருக்கிறது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மீனை அவர் தொடவில்லை.

படுக்கையில் கிடந்த கடைசி மாதத்தில் குரவைக் குழம்பு கேட்டார். எங்கேயும் கிடைக்கவில்லை. அந்த ஆப்பிரிக்காவையே சின்னதாகப் பார்த்து வாங்கி, தோலை உரித்து, குரவை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார்.

"நாம வுட்டதா?" என்றார்.

தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். நான்கு நாளில் போய்விட்டார். அதனால்தான் எனக்கு இலையில் ஒரு குரவை வைக்க வேண்டும் என்று அவ்வளவு வெறி.

இந்த வருடம் ஏரி வற்றுகிற நேரத்தில் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். மீன் படங்களை மாட்டி, வெளியூர் மீன் நம் ஏரியை அழிக்கிறது, நாட்டு மீனைக் காப்பாற்ற வேண்டுமானால் வெளியூர் மீனைப் பிடித்துப் பிடித்துத் தின்ன வேண்டும் என்றார்கள். கடலில்கூட இப்படித்தானாம், எங்கிருந்தோ வந்த மீனைத் தின்றே ஒழிக்கிறார்களாம். ஆப்பிரிக்காவிலும் ஜிலேபிக் கெண்டையிலும் குழம்பு வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள்.

மைக்கில் பேசிய சார், இதில் சத்து ஜாஸ்தி என்று அரைமணி நேரம் சொன்னார். தட்டை நீட்டினால், இன்று சனிக்கிழமை, கவுச்சி தொடமாட்டேன் என்றார். நிலம் வைத்திருக்கிற வீட்டு ஆண்கள் பின்னால் நின்று சிரித்தார்கள். விரால் என்றால் சொல்லி அனுப்புங்கள் என்று போய்விட்டார்கள். அவர்களுக்குக் கடலூரிலிருந்து ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. உட்கார்ந்து தின்றது நாங்கள்தான்.

என் ஓரகத்தி தட்டை வழித்துக்கொண்டே சொன்னாள். "ஏண்டி, இத்தினி வருஷமா வக்கில்லாம திங்கறோம்னு நெனச்சினு இருந்தன். ஏரிய காப்பாத்திக்கினு இருந்திருக்கோம். நமக்குத்தான் தெரில."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது அந்தச் சார், யாரோ விவரம் தெரியாதவர்கள் நாலு குஞ்சைக் கொண்டுவந்து விட்டதால் வந்த வினை இது என்றார். எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. ஐந்தாவது படிக்கும்போது வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தும் வாய் வராமல் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழம்பு ஆறிப்போனது.

இரண்டு நாள் கழித்து ஏரியில் இறங்கினோம். முட்டியளவு சேறு. ஊத்தா குத்திக் குத்தி எனக்கு இடுப்பு விட்டுப்போனது. வந்ததெல்லாம் மீசைக்காரன்தான். உச்சி வெயில் ஏறுகிற நேரம், கோரைப் புல் ஓரமாகக் குத்தினேன். ஊத்தாவுக்குள் கையை விட்டால் வழுவழுவென்று வேறு மாதிரி ஓடியது. எடுத்துப் பார்த்தேன். குரவை. ஒரு சாண் இருக்கும், உடம்பில் புள்ளி புள்ளியாக.

கரையில் கல்லூரிப் பெண் ஒன்று நீலப் பீப்பாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றிருந்தது. கரையேறுகிறவர்களை எல்லாம் கேட்டு, நாட்டு மீன் இருந்தால் வாங்கிப் பீப்பாயில் விட்டது. கோயில் குளத்தில் விட்டு இனம் பெருக்கி, மழை வந்ததும் ஏரிக்கே கொண்டுவருவார்களாம். அதில் அதுவரை ஒரே ஒரு குரவைதான் சேர்ந்திருந்தது. வெயிலில் கறுத்து, சேறு அப்பிய காலோடு நின்ற நல்ல பெண் அது. ஏமாற்றுகிற முகம் இல்லை.

நான் குரவையை ஈரத்துணியில் சுற்றி மடியில் செருகியிருந்தேன்.

"ஆயா, நாட்டு மீனு ஏதாவது கெடச்சிதாங்க?"

கொடுத்துவிட வேண்டியதுதான். நான் செய்ததற்கு அது ஒன்றுதான் பரிகாரம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தட்டைத் தள்ளி வைத்த கை கண்ணுக்குள் வந்தது. தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவ்வளவுதான். பேசக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் என் கூடையைப் பார்த்தது, மடியைப் பார்க்கவில்லை. பார்த்துப் போங்க ஆயா, வழுக்கும் என்று கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டது. மடிக்குள் அது துள்ளிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சாம்பல் தொட்டுப் பிடித்து, கல்லில் உரசி, வயிற்றைக் கீறினேன். சினை. மஞ்சளாக, வயிறு முட்ட. ஒரு மழை வந்திருந்தால் குஞ்சு பொரித்து ஏரியில் விட்டிருக்கும். அரிவாள்மணையின் மேல் கால் வைத்தபடி, பீப்பாயில் தனியாகக் கிடந்த அந்த ஒன்றை நினைத்துக்கொண்டேன். இனி கொண்டுபோய்க் கொடுத்து ஒன்றும் ஆகாது. மாங்காய் போட்டு, அவருக்குப் பிடிக்கிற மாதிரி புளி தூக்கலாகக் குழம்பு வைத்தேன். சினையையும் அதிலேயே போட்டேன்.

மறுநாள் படைத்தோம். களி, குரவைக் குழம்பு, எல்லாம் இலையில் இருந்தது. கும்பிடும்போது அவரிடம், கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

படைத்த இலையில் என் மகன் சாப்பிட உட்கார்ந்தான். செல்லைப் பார்த்துக்கொண்டே இரண்டு வாய் எடுத்தான்.

"இன்னாம்மா இது, சதையே இல்ல. அந்த ஆப்பிரிக்காவே தேவலாம்."

அவன் குரவை தின்று வளர்ந்தவன்தான். மறந்துவிட்டது. பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டான். மீதி இருந்ததை நான் அந்த இலையிலேயே உட்கார்ந்து தின்றேன், சினையோடு. ருசியாகத்தான் இருந்தது. அவ்வளவு ருசியாக இருந்திருக்க வேண்டாம்.