அசையாத எண்

கேபிளின் ஒரு முனையைப் பல்லில் கவ்வியபடி மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருப்பார் கேபிள் அக்கா. வெளியே தெரிவது இரண்டு பாதங்கள்தான். யாராவது கூப்பிட்டால் ஒரு பாதம் ஆடும். "இரு, வரேன்" என்று அதற்குப் பொருள்.

பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் மருத்துவமனைப் பெட்டிகளைச் சோதித்து அனுப்பும் கூடம் அது. பெட்டிக்குள்ளிருக்கும் சூட்டை மீட்டர் அளந்து, சீரியல் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். சொல்லவைப்பது அக்காவின் பொறுப்பு. சில மீட்டர்கள் தம் பாட்டுக்கு எண்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சில, கேட்டால்தான் வாயைத் திறக்கும். "இது எங்க வீட்டுக்காரர் மாதிரி. பத்து தரம் கேக்கணும்" என்பார். ஒன்றின் பேசும் கம்பி மற்றதன் கேட்கும் கம்பியோடு சேர வேண்டும். மாற்றிச் சேர்த்தால், "ரெண்டும் கத்திக்கிட்டு நிக்கும், கேக்க ஆள் இருக்காது. எங்க வீட்டுக் கல்யாணப் பேச்சேதான்."

இவ்வளவு வாய் பேசுகிறவருக்கு ஒருவர் முகம் வாடினால் தாங்காது. திரையில் எண் ஒரு நொடி மறைந்தாலும் முதலாளி பதறிக்கொண்டு வந்துவிடுவார். "ஏம்மா, ஒண்ணும் வரலையே, கெட்டுப்போச்சா?" அவர் படும் பாட்டைப் பார்க்கமாட்டாமல், மீட்டர் மௌனமானால் கடைசியாக வந்த எண்ணே திரையில் நிற்கும்படி புரோகிராமை மாற்றி எழுதினார் அக்கா. அவருக்கும் நிம்மதி, இவருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதிதான் போன வாரம் கழுத்தைப் பிடித்தது. காலையில் ஒரு பெட்டியைச் சோதித்து, சரி என்று ஸ்டிக்கர் ஒட்டிக் கையெழுத்துப் போட்டு மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. அடுத்ததற்குக் கேபிளைத் தொட்டால், அது மீட்டரிலிருந்து கையோடு வந்துவிட்டது. கேபிளை மீட்டரோடு பிணைக்கும் திருகை யாரும் முடுக்கவில்லை. திரையிலோ எண் ஆடாமல் அசையாமல் நின்றது. போன பெட்டியின் அளவுகளைத் திறந்து பார்த்தார். ஆரம்பம் முதல் கடைசிவரை அதே எண். அதற்கும் முந்தைய பெட்டியின் சூடு அது. காலையில் அனுப்பிய பெட்டியைச் சோதிக்கவே இல்லை.

போனை எடுத்தார். "நர்ஸம்மா, காலைல வந்த பெட்டில குழந்தைய வெச்சிட்டீங்களா? அப்பாடா. வைக்காதீங்க. திருப்பி அனுப்புங்க. இல்லம்மா, மெஷின் மேல தப்பில்ல. என் தப்பு."

முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "கேபிள் கழண்டுச்சுன்னு சொன்னா போதாதா? இனிமே நம்மகிட்ட பெட்டி அனுப்புவாங்களா?"

"கழண்டது கேபிள். அத மறைச்சது நான் எழுதினது, சார்."

வண்டி வருவதற்குள் எழுதியதை அழித்தார். இனி மீட்டர் வாயை மூடினால் திரையும் வெறுமையாகத்தான் இருக்கும்.

பெட்டி வந்தது. அக்கா திருகை முடுக்கிவிட்டு உட்கார்ந்தார். கடைசி இலக்கம் துடிக்கத் துடிக்க எண்கள் வந்தன. பெட்டியின் சூட்டில் இம்மியும் பிசகில்லை. முதலாளிக்குப் போன உயிர் திரும்பியது.

"பாத்தியா! முதல்லயே சரியாத்தான் இருந்திருக்கு. பழைய ஸ்டிக்கரே இருக்கட்டும்மா, வண்டி நிக்குது."

அக்கா ஈரத்துணியை ஸ்டிக்கர்மேல் சற்றுநேரம் அழுத்திப் பிடித்தார். பிறகு பெட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலையில் தான் போட்ட கையெழுத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.