வாயில் வராத மிஷன்

பாட்டு சொல்லிக்கொடுக்கிறவர் உண்டு, டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர் உண்டு; நான் மிஷன் சொல்லிக்கொடுக்கிறவன்.

சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீசிலும் லிஃப்டுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு போர்டு மாட்டியிருக்கும். மேலே விஷன், கீழே மிஷன். ஒருநாளாவது முழுசாகப் படித்திருக்கிறீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். தரச்சான்றிதழ் கொடுக்க இன்ஸ்பெக்‌ஷன் வருகிறவர்கள் சும்மா போகிறவரை நிறுத்தி, "உங்க மிஷன் என்ன?" என்று கேட்பார்கள். அப்போது அவர் திருதிருவென்று முழிக்காமல் இருக்க, முன்கூட்டியே போய் மனப்பாடம் செய்ய வைப்பதுதான் என் பிழைப்பு. ஏற்கெனவே பார்த்த கம்பெனி வேலை போன பிறகு இது கிடைத்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த மயிலாப்பூர் ஆஸ்பத்திரி வரும் வரைக்கும்.

நாங்களேதான் அது

அந்த ஆஸ்பத்திரியை நடத்துவதே ஓர் ஆன்மிக மிஷன். சம்பளம் வாங்காமல் சேவை செய்யும் செயலாளர் மாமா எனக்கு ஃபில்டர் காபி கொடுத்து உட்காரவைத்தார். "ஸார், உங்க மிஷனை ஒரு வரியில எழுதணும்" என்றேன். அவர் பின்னால் இருந்த பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கடைசியில் இரண்டு பேருமாக ஒன்று தயாரித்தோம்: "இறைப்பணியாய் எண்ணி, ஏழை எளியோர் உள்ளிட்ட அனைவருக்கும் கனிவான, தரமான மருத்துவம் அளிப்பது." அப்படியும் மாமாவுக்குத் திருப்தியில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பும்போது கேட்டார்: "நாங்களே மிஷன். அந்த மிஷனுக்கு இன்னொரு மிஷன் வேணும்கறேள். நாளைக்கு அதுக்கும் ஒண்ணு கேப்பேளோ?"

எதை வைத்துக்கொள்வது?

அங்கே ஏ.ஓ. என்று ஒரு நிர்வாக அதிகாரி. கறாரான மனிதர். முதல் வகுப்பிலேயே, "இன்ஸ்பெக்‌ஷன்ல யார் தப்பா சொன்னாலும் அவங்க பேரை கான்ட்ராக்ட்லேர்ந்து எடுத்துடுவேன்" என்று ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். முன்வரிசையில் இருந்த செல்வியின் முகம் அப்படியே வெளிறிப்போனது. செல்வி வார்டு துடைக்கிறவர். அடையாறு ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டார்கள். அங்கே வேலை ஏது? இரண்டு பஸ் மாறி இங்கே வருகிறார். வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருவர்தான்.

எனக்கு ஏ.ஓ. மேல் அப்படி ஒரு கோபம். ஆனாலும் என்ன செய்ய, வாங்குகிற காசுக்கு வகுப்பை ஆரம்பித்தேன். பாதியில் செல்வி கையைத் தூக்கினார். "நான் எட்டாவது வரிக்கும் மிஷன்லதான் சார் பட்ச்சேன். அங்க மிஷன்னா ஸ்கூலு. இங்க மிஷன்னா ஆஸ்பத்திரி. நீ இன்னாடான்னா, அது ஒரு வரின்ற. எத்த சார் நான் மன்ஸ்ல வெச்சிக்கிறது?"

இங்கயுமா?

அதே வாரம் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை. முதலாளியின் பையன் வெளியூரில் படித்துவிட்டு வந்திருந்தான். வந்ததும் முதல் காரியமாகக் கடைக்கு மிஷன் வைத்துவிட்டான். "ஒவ்வொரு குடும்பத்தின் கொண்டாட்டத்திலும் பங்கேற்று, நியாயமான விலையில் மனநிறைவு அளிப்பது." நூறு தடவை சொல்ல வைத்தும் பட்டுச்சேலை மாடியில் ஒருவருக்கும் ஏறவில்லை. மாடி சூப்பர்வைசர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "கஸ்டமர் வெறுங்கையோட படி இறங்கக்கூடாது. எங்க மிஷன் அவ்ளோதான் சார்" என்றார். சரிதான் போ என்று திரும்பினால், படியில் மாப் போட்டுக்கொண்டு செல்வி!

காலையில் ஆஸ்பத்திரி, மதியத்துக்கு மேல் இந்தக் கடையாம். என் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் மாப்பை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அய்யோ சார், இங்கயுமா? ஒரு மன்ஸிக்கு எத்தினி மிஷன்தான் சார் தாங்கும்?"

லேத் பட்டறையில்

குழப்பம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மறுநாள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறை. போல்ட், நட்டு செய்கிறார்கள். முதலாளி அன்வர் பாய், தங்கமான மனிதர். லேத்தையெல்லாம் நிறுத்தி, ஆட்களை வரிசையாக நிற்கவைத்தார். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தேன்: "இறைப்பணியாய் எண்ணி, ஏழை எளியோர் உள்ளிட்ட அனைவருக்கும்..."

எல்லோரும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, நான் சொன்னது ஆஸ்பத்திரியுடையது என்று. மானம் போயிற்று. பாய் மட்டும் குனிந்த தலையை லேசாக நிமிர்த்தி, மரியாதையாக என் காதருகில் கேட்டார்: "இதுக்கு நாங்க ஆமீன் சொல்லணுமா சார்?"

இன்ஸ்பெக்‌ஷன் நாள்

ஆஸ்பத்திரியில் அன்று பினாயில் வாசம் மூக்கைத் துளைத்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அம்மா நர்சுகளை விட்டார், டாக்டர்களை விட்டார், நேராகச் செல்வியிடம் போய் நின்றார். பக்கத்தில் ஏ.ஓ., பின்னால் நான். "உங்க மிஷன் என்னம்மா?" செல்வி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "இறைப்பணியாய் எண்ணி, ஏழை எளியோர் உள்ளிட்ட..." அங்கே நின்றுவிட்டது. அடுத்தது வரவில்லை. வேலை போச்சு என்றே நினைத்தேன். திடீரென்று மளமளவென்று கொட்டினார்: "ஒவ்வொரு குடும்பத்தின் கொண்டாட்டத்திலும் பங்கேற்று, நியாயமான விலையில் மனநிறைவு அளிப்பது!"

அது ஜவுளிக்கடையுடையது! அந்த அம்மாவோ, "நியாயமான விலை! எந்த ஆஸ்பத்திரியும் இதைச் சொல்றதில்ல. வெரி குட்" என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார். ஏ.ஓ. முகத்தில் பெருமை தாங்கவில்லை. என் தோளில் தட்டி, "பிரமாதம் சார். செல்வி சொன்ன மாதிரியே மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுத்துடுங்க" என்றார். பெரிய மனுஷன், அவரும் போர்டைப் படித்ததில்லை! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். செல்விதான். கண்ணெல்லாம் தண்ணீர். "கட மிஷன் வந்து பூந்துக்கிச்சி சார். உன் கால்ல வேணா வுயிறேன், திருத்துறேன்னு மட்டும் வாயத் தொறந்துடாத சார்!"

மறுநாள் வகுப்பில் செல்வி சொன்னதையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். செல்வி பேர் கான்ட்ராக்டில் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் அத்தனை பேரும் நோயாளியின் குடும்பக் கொண்டாட்டத்தில் பங்கேற்பதாக ஒப்பிக்கிறார்கள், மிஷன் என்றால் என்னவென்று யாராவது எனக்குச் சொல்லிக்கொடுத்தால் ஃபீஸ் கொடுத்தாவது கற்றுக்கொள்வேன்.