வெயிட்டிங் லிஸ்டில் ஒரு ஜெர்மன்காரர்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு ஜெர்மன்காரர் தங்கியிருந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். சங்கரன்கோவிலில் ஜெர்மன்காரருக்கு என்ன வேலை? வேலை ஒன்றுமில்லை. வேலை உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் காத்திருந்தார், அவ்வளவுதான்.

அவரைக் கூட்டி வந்தது என் அண்ணன். மெட்ராசில் காலேஜுக்குப் போனவன் படிப்போடு டென்னிசையும் பிடித்துக்கொண்டான். எண்பதுகளின் தொடக்கம் அது. ஊர் ஊராக நடக்கும் சின்னப் போட்டிகளில் அண்ணனும் அந்த ஜெர்மன்காரரும் ஜோடி சேர்ந்து ஆடுவார்கள். பெரும்பாலும் ஜோடி சேர்ந்தே தோற்பார்கள். மெட்ராஸ் போட்டியில் முதல் நாளே இரண்டு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். அடுத்தது பெங்களூர். நடுவில் இருந்த நாட்களுக்கு ஓட்டல் வாடகை கொடுக்க அவருக்கு மனமில்லை. "எங்க வீட்டுக்கு வா" என்று அண்ணன் இழுத்து வந்துவிட்டான்.

அப்பாவுக்கு மிளகாய் வற்றல் கமிஷன் கடை. வந்த அன்றே விருந்தாளியிடம் கேட்டார்: "தம்பிக்கு என்ன ரேங்க்?" பி.ஏ. இங்கிலீஷ் படித்திருந்த பாவத்துக்கு மொழிபெயர்ப்பது என் தலையில் விழுந்தது. நானூற்றுச் சொச்சம் என்று அவர் கூச்சமில்லாமல் சொன்னார். அப்பாவின் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ரேங்க் என்றால் பள்ளிக்கூட ரேங்க். மறுநாள் கடையில் இதுதான் பேச்சு.

"அண்ணாச்சி, நம்ம பய நாப்பதாவது ரேங்க் வாங்கினதுக்கே நான் பெல்ட்டக் கழட்டினேன். இவன் நானூறுங்கான், ப்ளேன்ல ஏத்தி அனுப்பி வச்சிருக்காவளே!" என்று பக்கத்துக் கடைக்காரர் நொந்துகொண்டாராம்.

உலகத்திலேயே நானூறாவது என்றால் பெரிய விஷயம் என்று நான் விளக்கினேன். "உலகத்துல எத்தன பேரு ஆடுதான்?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அது பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று அதற்கப்புறம் எனக்கே குழப்பமாகிவிட்டது.

சாயங்காலம் ஆபீசர்ஸ் கிளப்பின் மண் தரையில் இரண்டு பேரும் பழகுவார்கள். தாசில்தாரும் டாக்டரும் தங்கள் ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்கள். ஜெர்மன்காரர் பந்தை அடிக்கும் சத்தத்துக்கே வேலியோரம் கூட்டம் கூடியது. ஆனால் முழங்கையைப் பிடித்துக்கொண்டேதான் வீட்டுக்கு வருவார். அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அந்தக் கையில் பூசிவிட்டாள். மறுப்புச் சொல்லாமல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிலேயே அம்மாவுக்கு அவர் மேல் பாசம் ஒட்டிக்கொண்டது.

பெங்களூரில் இடம் கிடைக்காவிட்டால் ஆட்டத்தையே விட்டுவிடப் போவதாக அவர் சொன்னார். ஊரில் அவருடைய அப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். மகன் வந்து அடுப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார். "ரொட்டிக்கடை நல்ல தொழில்தானட்டி?" என்று அம்மா என்னிடம் கேட்டாள். நான் அதையும் மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அதில் இஷ்டமில்லை என்று தெரிந்துகொள்ள அம்மாவுக்கு அது போதும்.

கடை போனிலிருந்து அண்ணன் பெங்களூருக்கு டிரங்க் கால் போட்டான். தனித்தனியே ஆடும் ஒற்றையர் ஆட்டத்தில் ஜெர்மன்காரருக்கு உள்ளே இடமில்லை; ஆனால் வெளியே நிற்கிறவர்களில் முதல் ஆள் அவர்தான். இதை அம்மாவுக்குப் புரியவைக்க நான் ரயிலை இழுத்தேன்.

"வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் நம்பர்ம்மா. உள்ள இருக்கவன் எவனாவது கேன்சல் பண்ணா இவரு ஏறிக்கலாம்."

"அவ்வளவுதான? ஒருத்தன் கேன்சல் பண்ணா போதும்லா?" என்றவள் முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே கோயிலுக்குப் போனாள். அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டால் வருகிற ஆடியில் ஆடிச்சுற்று சுற்றுகிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். திருவிழாக் கொடியேறிய பிறகு பிரகாரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் நேர்ச்சை அது. கால் வீங்கிவிடும். எங்கள் ஊர்ப் பெண்கள் சொந்தப் பிள்ளைகளுக்குத்தான் அதை நேர்வார்கள்.

மறுநாள் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னான். உள்ளே இருப்பவர்களில் கடைசிப் பெயர் அவனுடையது. உட்கார்ந்து யோசித்தேன். பெரிய ஆட்டக்காரன் எவனும் கிடைத்த இடத்தை விடமாட்டான். விடுவதானால் விளிம்பில் நிற்கிறவன்தான் விடுவான். அப்படியென்றால் அம்மா யாரை இறக்கிவிடச் சொல்லி அம்மனைக் கும்பிட்டிருக்கிறாள்?

சொல்லாமல் இருக்க முடியவில்லை, அம்மாவிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நேந்தாச்சேட்டி. நேந்தத எப்படித் திருப்பிக் கேக்க?"

"ரெண்டு பேருக்குமே இடம் வேணும், வேற எவனாவது போகட்டும்னு கேளேன்" என்றேன். அப்போது எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது.

அம்மா போனாள். தீபாராதனை முடிகிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள்.

"ஒண்ணுமே கேக்காம வந்துட்டேன். வேற எவன்னா, அவனுக்கும் ஒரு அம்மா இருப்பால்லா? அவளும் எந்தச் சாமி முன்னாடியாவது நின்னுட்டுதான இருப்பா" என்றாள். அன்று குழம்பில் உப்பே இல்லை. ஜெர்மன்காரர் மட்டும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் மறுபடியும் டிரங்க் கால் போட்டு, தன் முட்டி சரியில்லை, பெங்களூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டான். அன்று மத்தியானமே இரண்டிரண்டு படியாகத் தாவி மச்சுக்கு ஏறினான். ஒழுங்கான முட்டிதான். ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் சண்டை போட்டேன். "அலுத்துட்டு" என்று மட்டும் சொன்னான். அப்பா சந்தோஷமாகக் கடைச் சாவியைக் கொடுத்தார். அம்மன்தான் அவன் காலைக் கட்டிவிட்டாள், கட்டச் சொன்னது தான்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். ஜெர்மன்காரருக்கு இது எதுவும் தெரியாது. அண்ணனின் முட்டியை உண்மையென்றே நம்பி, பஸ் ஏறும்வரை அதைப் பற்றியே விசாரித்தார். அம்மா ஒரு பொட்டலம் புற்றுமண்ணை அவர் பையில் திணித்து அனுப்பினாள்.

சொன்னபடி அந்த ஆடியில் சுற்றினாள். அத்தோடு முடியவில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்கில் என்னை நூலகத்துக்கு விரட்டிக்கொண்டே இருந்தாள். "நம்ம பிள்ள பேரு பேப்பர்ல வந்திருக்கான்னு பாத்துட்டு வாட்டி." இங்கிலீஷ் பேப்பரின் விளையாட்டுப் பக்கத்தில், அடிமூலையில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் எப்போதாவது அவர் பெயர் இருக்கும். யாரோ ஒருவரிடம் தோற்றார் என்று இருக்கும். "ஆடிட்டுதான் இருக்காரும்மா" என்று மட்டும் வந்து சொல்வேன். ரொட்டிக்கடைக்குப் போகவில்லை என்பதே அம்மாவுக்கு நிம்மதி. தன் மகனின் இடத்தில் ஏறியவன் நடுவழியில் இறங்கிவிடக் கூடாது என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் ஒரு வருடம் ஒரு ஜெர்மன்காரப் பொடியன் லண்டனில் நடக்கும் பெரிய போட்டியை ஜெயித்தான். ஊரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. "மதினி, ஒங்க வீட்ல சாப்பிட்ட பையன் உலகத்தையே ஜெயிச்சுட்டானாமே! எல்லாம் நம்ம அம்மன் மண்ணு!" என்று பக்கத்து வீட்டு அக்கா அம்மாவின் வாயில் சீனியைப் போட்டாள். அது வேறு ஆள் என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். "ஜெர்மனில டென்னிஸ் ஆடுத ஆளு ரெண்டு பேரா இருப்பான்?" என்று கேட்டார்கள். பேப்பரில் வந்த படத்தை அம்மா தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கே ஒரு நிமிடம் சந்தேகம் வந்துவிட்டது.

ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டாள். "ஏலே, அப்போ நம்ம பிள்ள ஜெயிக்கவே இல்லியா? அன்னைக்கு பெங்களூர்லயாவது?"

"முதல் ஆட்டத்துலயே தோத்துட்டான்மா. ஒரு மணி நேரம்கூட நிக்கல."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஒரு மணி நேரத்துக்காகவாலே நான் ஒன் இடத்த வாங்கிக் குடுத்தேன்?"

"நீ வாங்கல, நான்தான் விட்டேன். பயந்து போயி விட்டேன்" என்றான் அண்ணன். தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அங்கன போனா நான் எத்தன மணி நேரம் நிப்பேன்னு தெரிஞ்சிரும்லா, அந்தப் பயம். அவனுக்காவது தெரிஞ்சிட்டு. எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலம்மா."

அண்ணன் கை கழுவிவிட்டுக் கடையைப் பூட்டிவரப் போனான். எனக்கு அவன் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த வருட ஆடியில் கொடியேறியதும் அம்மா எண்ணிக்கைக்கு மடியில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். இந்த முறை யாருக்காக என்று கேட்டேன்.

"ஒங்க அண்ணனுக்கு."

"அவனுக்கு என்ன வேணும்னும்மா கேக்கப் போற?"

பிரகாரத்தில் சரியான கூட்டம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் எனக்கும் தெரியலட்டி" என்றாள். "நட."