ஆர்லோ பிரித்த இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு

ஆர்லோ பிட்லாக் செப்டிக் டேங்க் சுத்தம் செய்கிறவன். மிச்சிகன் மாநிலத்தில் எங்கள் மாவட்டம் முழுக்கத் தட்டையான பீட்ரூட் வயல்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றுவிடும். அதனால் எங்களுக்குக் கவர்னரைவிட வடிகால் ஆணையர்தான் முக்கியம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை அவரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறோம். ரிபப்ளிகன் ஜெயித்தால் கிழக்கு வாய்க்கால் சுத்தமாகும், டெமாக்ரட் ஜெயித்தால் மேற்கு வாய்க்கால். நடுவில் இருக்கிறவர்களின் டேங்க் எந்த ஆட்சியிலும் பொங்கும். பொங்கினால் ஆர்லோவுக்குத் தொழில்தான். ஆனாலும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"வாய்க்காலைத் தூர் வாரச் சொன்னா, ரெண்டு கட்சியும் ஒருத்தர் காலை ஒருத்தர் வாரிக்கிட்டிருக்காங்க" என்று சொல்லி மூன்றாவது கட்சி ஒன்றில் சேர்ந்தான். எங்கள் மாவட்டத்தில் அதற்கு மூன்றே உறுப்பினர்கள். ஆர்லோ ஒருவன். தேனீ வளர்க்கும் நான் இன்னொருவன். மூன்றாமவர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட்டார், ராஜினாமா செய்யத்தான் மறந்துவிட்டார். வேட்பாளர் தேர்வு காலைச் சிற்றுண்டிக் கடையில் நடந்தது. ஆர்லோ தன் பெயரைத் தானே முன்மொழிந்தான். முட்டை ஆறிக்கொண்டிருந்ததால் நான் கையைத் தூக்கி வழிமொழிந்தேன்.

அந்த வருடம் டெமாக்ரட் கட்சியில் நின்றவள் ஜெனீவா. ஆர்லோவின் மனைவி ரோஸ்லினுடைய கூடப்பிறந்த தங்கை. வடிகால் அலுவலகத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். எந்தக் குழாய் எங்கே ஓடுகிறதென்று மனப்பாடமாகச் சொல்லுவாள். "ஜெனீவா நல்லவதான், கட்சிதான் சரியில்ல" என்றான் ஆர்லோ.

நவம்பரில் எண்ணி முடித்தபோது ரிபப்ளிகன் வேட்பாளர் ஸ்டெல்மா ஜெனீவாவை நாற்பத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஆர்லோவுக்கு விழுந்தது இருநூற்றுப் பன்னிரண்டு.

மூன்றாவது வாரமே, குடும்பமெல்லாம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து வந்தது. ரோஸ்லின் என்னையும் கூப்பிட்டிருந்தாள், சண்டையை விலக்கிவிட ஒரு ஆள் வேண்டும் என்று. வான்கோழியை வெட்டி முடித்ததுமே அது ஆரம்பித்தது.

"ஆர்லோ, அந்தக் கிரேவிக் கிண்ணத்தை இப்படித் தள்ளு" என்றாள் ஜெனீவா. "வர்ற வழியில யாருக்கும் பிரிச்சுக் குடுத்துடாதே."

"அந்த இருநூத்திப் பன்னிரண்டும் உனக்குத்தான் வந்திருக்கும்னு எங்க எழுதியிருக்கு?"

"எல்லாம் எதுக்கு? நாப்பத்திரண்டு வந்திருந்தாப் போதுமே!"

ஜெனீவாவின் கணவன் லேலண்ட் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஊரெல்லாம் "ஓட்டைப் பிரிச்சவன்" என்று பேசியது ஆர்லோவைக் குத்தியது. தனக்குப் போட்டவர்கள் ஜெனீவாவுக்குப் போட்டிருக்கவே மாட்டார்கள் என்று நிரூபித்துக் காட்டுவதாகக் கிளம்பினான். மாவட்டத்தில் அவன் போகாத வீடு கிடையாது. லாரியிலிருந்து குழாயை டேங்குக்குள் இறக்கி மோட்டாரைப் போட்டுவிட்டுக் கேள்வி கேட்பான், பதிலை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்வான். வீட்டுக்காரர் தப்பி ஓட முடியாது.

முதல் வீடு ஓய்வுபெற்ற ஆசிரியை ஓடெட் கார்னருடையது. நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"உனக்குத்தான் போட்டேன் ஆர்லோ."

"என் வடிகால் திட்டம் பிடிச்சுப் போச்சா?"

"திட்டமா? அப்படி ஒண்ணு இருந்துச்சா? பாவம், உனக்கு ஒருத்தருமே போட மாட்டாங்கன்னு தோணிச்சு. ஒரு ஓட்டாவது விழட்டுமேன்னு போட்டேன்ப்பா."

அடுத்த வீட்டுப் பாதிரியாரும் அதையே சொன்னார். பள்ளித் தலைமையாசிரியர் கூடுதலாக ஆர்லோவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். பனி உருகுவதற்குள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டுக்கு இருநூற்று நாற்பது பேர் உரிமை கொண்டாடினார்கள். கணக்கு இடிக்கிறதே என்று நான் சொன்னேன். ஆர்லோ கேட்கிற நிலையில் இல்லை.

கடைசியாக ஜெனீவா வீட்டு டேங்கின் முறை வந்தது. லேலண்ட் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆர்லோ, யார்கிட்டயும் சொல்லிடாதே. நானும் உனக்குத்தான் போட்டேன். அவளுக்கு எப்படியும் ஆயிரக்கணக்குல விழும், உன்னை நெனச்சாத்தான் பாவமா இருந்துச்சு" என்றான்.

அவன் பாதி சொல்லும்போதே மோட்டார் நின்றுபோயிருந்தது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

"லேலண்ட்!"

ஜெனீவா கரண்டியோடு வெளியே வந்தாள். லேலண்ட் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் ஆர்லோவின் கையிலிருந்த பட்டியலைப் பிடுங்கி வரிவரியாகப் படித்தாள். பாவம், பாவம், பாவம் என்றே இருந்தது. பாதியில் படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் வரும்வரை நிறுத்தவில்லை.

ஆர்லோவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒருத்தர்கூட என் திட்டத்தைப் படிக்கலையே" என்றான்.

"நான் படிச்சேன்" என்றாள் ஜெனீவா. "நடு வாய்க்கால் யோசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா மூணாம் பக்கத்துல சரிவைத் தலைகீழாப் போட்டிருக்கே. நீ சொன்ன மாதிரி வெட்டினா தண்ணி மேட்டுப் பக்கம் போகணும்."

ஆர்லோ வீட்டுக்குப் போய்ப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான்.

அடுத்த தேர்தலில் அவன் ஒதுங்கிக்கொள்வான் என்று எல்லோரும் நினைத்தோம். ரோஸ்லின் கெஞ்சியும் பார்த்தாள். அவன் நின்றான். சரிவைத் திருத்தினான், சாலையோரமெல்லாம் பலகை நட்டான். அதில், "பாவம் பார்க்க வேண்டாம். திட்டத்தைப் படித்தவர்கள் மட்டும் ஓட்டுப் போடவும்" என்று எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்து, ஓட்டு வேண்டாம் என்று சொல்லிச் சொந்தக் காசில் பலகை நட்டவன் அவன் ஒருவன்தான்.

ஜெனீவா நூற்று முப்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். ஆர்லோவுக்குப் பத்தொன்பது. தோற்றவன் போலவா இருந்தான்? கடையில் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான். "பத்தொன்பது பேர் படிச்சிருக்காங்கடா! அதுல உன் ஓட்டு உண்டா?" என்று என்னைக் கேட்டான். தேனீக்களுக்குப் பாகு வைக்கவேண்டும் என்று சொல்லி நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் மாதம் நடு வாய்க்காலை வெட்ட ஜெனீவா பொதுக்கூட்டம் கூட்டினாள். "இது ஆர்லோ பிட்லாக் போட்ட திட்டம்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். கை தட்டினார்கள். முதல் ஆட்சேபணை தெரிவிக்க எழுந்தவன் ஆர்லோதான்.

"நான் போட்டதைவிட அகலம் அரை அடி குறையுது" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை.

"ஆர்லோ, ஒரு ஆளுக்கு மூணு நிமிஷம்தான். உக்காரு."

"இன்னும் நாப்பது செகண்ட் பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தான்.