வடசேரி லாட்ஜில் ஸ்லோவேனியத் தனிமை

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில் எனக்கு இருத்தலியல் முற்றியிருந்தது. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில், இன்றைய ஸ்லோவேனியச் சிறுகதைகளின் ஆங்கிலத் தொகுப்பு கிடைத்தது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பள்ளி நூலக அட்லஸில் தேடினேன். அந்த அட்லஸ் அச்சானபோது ஸ்லோவேனியா தனி நாடாகியிருக்கவில்லை. இருந்தாலும் அடுத்த வாரமே நண்பர்களிடம் ‘ஸ்லோவேனிய மனம்’ பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கதைகளில் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அவற்றில் வரும் மனிதர்களுக்குச் சொந்த நாடு கிடைத்துவிட்டது, அடுக்குமாடியில் வீடும் வேலையும் இருக்கின்றன, ஞாயிறு மதியத்தை என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. யாருமே தடுக்காதபோது மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான், எதையும் தேர்ந்தெடுக்காமல் இருந்துவிட்டால் அவன் யார் என்று அவை கேட்டன. ஒரு கதையில், தனியாக வாழும் குமாஸ்தா ஒருவன் வெள்ளி மாலை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிறான். இந்த முறை நாமாக யாரையும் அழைப்பதில்லை, நம்மை யாராவது அழைக்கிறார்களா பார்ப்போம் என்று விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருக்கிறான். போன் அடிக்கவே இல்லை. திங்கள் காலை சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போகிறான். அவ்வளவுதான் கதை. படித்து முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன்.

சிற்றிதழ் நடத்திய நண்பர் ஒருவரிடம் அந்தக் கதையை மொழிபெயர்த்துத் தருவதாகச் சொன்னேன். கூடவே ஸ்லோவேனியச் சிறுகதையில் இருத்தலியல் பற்றி ஒரு கட்டுரையும் தருவதாக, அவர் கேட்காமலேயே, வாக்குக் கொடுத்தேன்.

கோடை விடுமுறையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ‘மனிதன் அடிப்படையில் தனியானவன்’ என்று எழுதினேன். உடனே மீன்காரி வந்தாள். பிறகு அடுத்த வீட்டுக்காரர் செய்தித்தாள் கேட்டு வந்தார். பிறகு என் அக்கா போனில் அழைத்து, சும்மாதான் அழைத்தேன் என்று அரைமணி நேரம் பேசினாள். மதியத்துக்குள் மரவள்ளிக்கிழங்கு உரிக்கவும் உட்கார வைக்கப்பட்டேன். கட்டுரை அந்த ஒரு வரியிலேயே நின்றது.

“ரெண்டு நாளு லாட்ஜுல போய்த் தங்கப்போறேன்,” என்றேன் மனைவியிடம். “தனிமைன்னா என்னன்னு தெரிஞ்சாத்தான் எழுத முடியும்.”

“வீட்டுல இல்லாத தனிமை லாட்ஜுல கெடக்கா?” என்றாள். பிறகு, “செரி, கொடைய எடுத்துக்கிடுங்க. மழை வரும்,” என்றாள்.

வடசேரி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ். மேலாளர் என் முகவரியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“சாரே, இந்த ஊருலயே வீட்ட வச்சுக்கிட்டா ரூம் கேக்குதிய?”

“எழுத்து வேலை,” என்றேன். அவர் முகம் இறுகியது. சொந்த ஊரில் அறை எடுத்து எழுத உட்காரும் மனிதன் எதை எழுதுவான் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அறைக்குள் போய் ஜன்னலைச் சாத்தினேன். செல்போனை அணைத்தேன். விளக்கைப் போடாமல், அந்தக் குமாஸ்தாவைப் போலவே நாற்காலியில் அமர்ந்தேன். கீழே கண்டக்டர்கள் “மார்த்தாண்டம், களியக்காவிளை” என்று கூவிக்கொண்டிருந்தார்கள். வியர்த்துக் கொட்டியது. குமாஸ்தாவின் கதையில் வெளியே பனி பெய்துகொண்டிருக்கும். அந்த ஒரு வசதி எனக்கு இல்லை.

கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மேலாளர்தான். “சாரே, ஒண்ணும் இல்லியே? கதவ மட்டும் தாழ் போடாம இரியுங்க.” மின்விசிறியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். அப்போதுதான் புரிந்தது. அவமானமாக இருந்தது. தாழைத் திறந்தே வைத்தேன்.

அடுத்து வந்தவன் என் மனைவியின் தம்பி, துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தவன். நான் லாட்ஜ் படியேறியதை யாரோ உறவுக்காரர் பார்த்துவிட்டார். என் போனும் அணைந்திருந்ததால் செய்தி வளர்ந்திருக்கிறது.

“அத்தான், அக்காகூட வல்ல பிணக்கமா?”

“இல்ல மக்கா.”

“ஆஸ்பத்திரியில வல்லதும் செல்லினாவளா?” என்றான், எனக்கு ஏதோ தீராத நோய் என்ற பயத்தில்.

நான் அவனுக்கு இருத்தலியலை விளக்கினேன். சுதந்திரமே மனிதனின் பாரம் என்றேன். பொறுமையாகக் கேட்டான். “செரி அத்தான். நீங்க தனியா இருந்து எழுதுங்க, நான் இஞ்ச படுத்துக்கிடுதேன். ஒங்கள ஒத்தைக்கு விடப்பிடாதுன்னு அக்கா செல்லியிருக்கா,” என்று கட்டிலில் படுத்தான். விரைவில் குறட்டை வந்தது. அதற்கு மேல் மனிதனின் தனிமை குறித்து என்னால் எழுத முடியவில்லை. சாயங்காலம் இருவரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே எங்கள் சபையின் ஜெபக்குழுப் பெண்கள். போதகரின் மனைவி என்னை நடுவில் மண்டியிடச் செய்து, தலையில் கை வைத்து, தனிமையின் ஆவி என்னைவிட்டு நீங்கும்படி உரக்க ஜெபித்தார். என் மனைவி அவரிடம் முழுக்கதையையும் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இறுதியில், “சுலோவேனியா தேசத்து ஜனங்களையும் சந்தியும் ஆண்டவரே,” என்றார். எல்லோரும் ஆமென் என்றார்கள். சிரிப்பை அடக்கக் கண்ணை இறுக மூடினேன். கண் கலங்கியிருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

கட்டுரையைப் பிறகு பள்ளியில், விடைத்தாள்களுக்கு நடுவே எழுதி முடித்தேன். இதழ் வந்ததும் மனைவி கதையை மட்டும் படித்தாள்.

“பொறவு அவனுக்கு யாரும் போன் பண்ணலியா?”

“கதை அதோட முடிஞ்சுது.”

“நீங்க தமிழுல எழுதும்போ ஒரு போன் வர வச்சிருக்கப்பிடாதா? பாவம்.”

மொழிபெயர்ப்பாளனின் அறம் குறித்து நான் நீளமாகப் பேசினேன். அவள் நடுவிலேயே அடுக்களைக்குப் போய்விட்டாள். பின்னொரு நாள் இதழைக் கையில் எடுத்து, எந்த இடத்தில் போன் அடித்தால் கதை கெடாது என்று பார்த்தேன். எங்கே அடித்தாலும் கெடும். சனிக்கிழமை சாயங்காலம் வரும் பத்தியின் ஓரத்தில், பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டு வைத்தேன்.